இந்தக் குளிசை எனக்கு ஏன்?

வன்னியில் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கணவர் 2009 இல் காணாமற் போனவர். மூத்த மகள் திருமணமாகி வேறிடத்தில் இருக்கிறார். இளைய மகனோடு அக்கா தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். கோழி வளர்ப்புக்கான வாழ்வாதார உதவி பற்றிக் கதைக்கத்தான் நான் போனேன். கதையின் நடுவே அவர் எழுந்து போய் ஒரு பழைய பிஸ்கற் பேணியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே மூன்று கிளினிக் கொப்பிகளும் சின்னச் சின்னக் குளிசைப் பைகளும் இருந்தன.

"பிள்ளை, நீங்கள் படிச்ச ஆள். இந்தச் சின்னக் குளிசை எனக்கு ஏன் தந்தவை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில், 2010 இல், "நித்திரை இல்லை" என்று அவர் சொன்னதற்காக அந்தக் குளிசை இரண்டு கிழமைக்கு எழுதப்பட்டிருந்தது. அதன் பிறகு மாதத்துக்கு மாதம் அதே குளிசை தொடர்ந்திருந்தது. கையெழுத்துகள் மாறியிருந்தன. குளிசை மட்டும் மாறவில்லை.

"போட்டா விடிய எழும்பேக்க தலை பாரம். விறகெடுக்கப் போய் ரெண்டு தரம் விழுந்திட்டன். ஒருநாள் போடாட்டி கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது."

"டொக்டரிட்டைக் கேட்டனீங்களா அக்கா?"

"என்னெண்டு கேக்கிறது பிள்ளை? பின்னால நூறு பேர் நிக்குது. அவை படிச்சவை. தெரியாமலே எழுதப்போகினம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். மருத்துவம் படித்தவளல்ல. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இங்கே யாரும் அந்த அக்காவுக்குத் தீமை நினைக்கவில்லை. முதல் வைத்தியர் அவருடைய துன்பத்தைப் பார்த்து இரங்கித்தான் எழுதியிருப்பார். அடுத்தவர் முதலாமவரை நம்பினார். அதற்கடுத்தவர் கொப்பியை நம்பினார். "இது இவருக்கு இன்னும் தேவையா? பயன் தருகிறது என்பதற்கு என்ன சான்று?" என்ற ஒரு கேள்வி மட்டும் இத்தனை வருடங்களாக யாராலும் கேட்கப்படவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது. அதனைச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பிக்கிறார்கள். அதைப் பற்றி நாமும் அறிந்திருப்பது நல்லது.

மூன்று கல் அடுப்பு

சான்று சார்ந்த மருத்துவம் என்று இதனை அழைக்கிறார்கள். 1990 களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கயற் என்ற வைத்தியர் இந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த டேவிட் சக்கற் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1996 இல் இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார்கள்.

அந்த விளக்கத்தை நமது வீட்டு அடுப்போடு ஒப்பிட்டால் இலகுவாக விளங்கும். மூன்று கற்கள் இருந்தால்தான் பானை நிற்கும். முதலாவது கல், நல்ல ஆய்வுகளிலிருந்து கிடைத்த சான்று. இரண்டாவது கல், வைத்தியரின் அல்லது தாதியின் கை அனுபவம். மூன்றாவது கல், நோயாளியின் விருப்பமும் அவருடைய வாழ்க்கை நிலைமையும். இவற்றில் ஒன்றை எடுத்தாலும் பானை சரியும்.

மூன்றாவது கல் நாங்கள்தான் என்பதைக் கவனியுங்கள் சகோதரிகளே. கிளினிக் வாங்கில் காத்திருக்கும் நாம் மருந்தை வாங்கிக்கொண்டு போக மட்டும் வந்தவர்கள் அல்ல. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் நமக்கும் பங்குண்டு என்று இந்த முறையே சொல்கிறது.

முகாமுக்குள் பிறந்த யோசனை

இந்த முறைக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய வைத்தியர். அவருடைய கதை நமக்கு அந்நியமான கதையல்ல. ஏனென்றால் அதுவும் முள்வேலிக்குள் நடந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 இல், கிரேக்கத் தீவான கிரீற்றில் அவர் ஜேர்மன் படைகளிடம் பிடிபட்டார். பின்னர் சலோனிக்கா நகரிலிருந்த போர்க் கைதிகள் முகாமில் வைத்தியராக இருந்தார். போதிய உணவில்லாத கைதிகளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கின. அவருடைய கால்களும் வீங்கின. உணவில் ஏதோவொரு சத்துக் குறைவதுதான் காரணம் என்று அவர் சந்தேகித்தார். ஆனால் எது என்று நிச்சயமில்லை.

கால் வீங்கிய 20 இளைஞர்களைத் தெரிவு செய்து இரண்டு அறைகளில் பத்துப் பத்துப் பேராக விட்டார். ஓர் அறையிலிருந்தவர்களுக்கு முகாமின் கள்ளச் சந்தையில் வாங்கிய ஈஸ்ற் சத்துணவைக் கொடுத்தார். மற்ற அறையிலிருந்தவர்களுக்கு விற்றமின் சி கொடுத்தார். அளவு கருவிகள் இல்லாததால், ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தார். முதல் இரண்டு நாட்களும் வித்தியாசம் இல்லை. நான்காம் நாள் ஈஸ்ற் கொடுத்த அறையில் பத்தில் எட்டுப் பேர் தேறியிருந்தார்கள். மற்ற அறையில் எவரும் தேறவில்லை. அந்தக் கணக்கை எழுதி ஜேர்மன் அதிகாரிகளிடம் கொடுத்தார். அதன்பின் முகாமுக்கு ஈஸ்ற் வந்தது.

அது மிகச் சிறியது, குறைகள் நிறைந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆயினும் "நான் வைத்தியன், எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல் எண்ணிப் பார்த்து ஒப்பிட்டாரே, அதுதான் முக்கியம். 1972 இல் அவர் எழுதிய நூலில், ஒவ்வொரு சிகிச்சையும் உண்மையில் பயன் தருகிறதா என்று நேர்மையான பரிசோதனையால் காட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் 1988 இல் காலமானார். உலகெங்குமுள்ள ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்வதற்காக 1993 இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கப்பட்ட அமைப்புக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

நல்ல மனம் மட்டும் போதுமா?

"உதவி செய்யிற மனம் இருந்தாக் காணாதே, இதுக்கும் சான்று வேணுமா?" என்று சிலர் கேட்பார்கள். எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் கிழக்குக் கரையோரத்தில் பிறந்தவள். 2004 மார்கழியில் கடல் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒரு பாடசாலையில் அமைந்த நலன்புரி நிலையத்தில் இருந்தோம். ஒன்றிரண்டு கிழமைக்குள் பலரும் உதவிக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு குழுவினர் எங்களை வட்டமாக இருத்தி, கடல் வந்தபோது என்ன பார்த்தாய், யார் யார் செத்தார்கள், அப்போது என்ன உணர்ந்தாய் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் தம்பியின் கை நழுவியதைச் சொன்னாள். பின்பு அடுத்தவளின் முறை வந்தது. மத்தியானம் அவர்கள் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. அன்றிரவு அந்தப் பிள்ளை கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது.

வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மனதில் உள்ளதை உடனே கொட்டிவிட்டால் பின்னால் பாதிப்பு வராது என்று அவர்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ் பணியாளர் போன்றவர்களுக்காக 1980 களில் உருவாக்கப்பட்ட ஒரு முறையின் வழியாக இந்த நம்பிக்கை உலகெங்கும் பரவியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் தீக்காயம் பட்டவர்கள் 133 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1997 இல் வெளியானது. திருவுளச்சீட்டு எடுப்பது போல எழுந்தமானமாக அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரை இருத்தி நடந்ததையெல்லாம் சொல்ல வைத்தார்கள். மறு பகுதியினருக்கு அப்படிச் செய்யவில்லை. 13 மாதங்களின் பின் பார்த்தபோது, சொல்ல வைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. மற்றவர்களில் 9 வீதமானோருக்கே இருந்தது. உதவி என்று செய்தது உதவவில்லை.

ஆனால் ஓர் ஆய்வை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. அந்த ஆய்வில் சொல்ல வைக்கப்பட்ட பகுதியினருக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்தது. ஆகவே வேறு ஆய்வுகளையும் பார்த்தார்கள். வீதி விபத்தில் சிக்கியவர்களை ஒக்ஸ்போர்ட்டில் மூன்று வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2000 இல் வந்தது. அதிலும் சொல்ல வைக்கப்பட்டவர்களின் நிலையே மோசமாக இருந்தது. இவ்வாறான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, ஒரேயொரு தடவை இருத்தி நடந்ததைச் சொல்ல வைப்பது பாதிப்பைத் தடுப்பதாகச் சான்று இல்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று 2002 இல் கூறியது. கடற்கோளின் பின், 2005 இல், உலக சுகாதார நிறுவனமும் இதனைச் செய்ய வேண்டாம் என்றே அறிவித்தது.

சான்று இருந்தது. அது எங்கள் பாடசாலைக்கு வந்து சேரவில்லை. அன்று எங்களிடம் வந்தவர்களுக்கு யாராவது இதைக் கற்பித்திருந்தால் அந்தப் பிள்ளையின் அந்த இரவு வேறுவிதமாக இருந்திருக்கலாம்.

இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. துன்பத்தைப் பேசக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பேச விரும்புபவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்பது எப்போதும் நல்லது. நோய் அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்றவர்கள் பல அமர்வுகளாகச் செய்யும் உளச் சிகிச்சைகள் பயன் தருகின்றன என்பதற்கும் நல்ல சான்று உண்டு. விரும்பாதவரின் வாயைத் திறக்க வைத்துவிட்டு விட்டுப் போவதுதான் பிழை.

துண்டில் எழுதிய கேள்வி

பிஸ்கற் பேணி அக்காவைச் சந்தித்துச் சில மாதங்களின் பின், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கான செயலமர்வு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வைத்தியர்கள், தாதியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் வந்திருந்தார்கள். சமூகப் பணியாளர் என்ற வகையில் நானும் ஒரு கதிரையில் இருந்தேன்.

வளவாளராக வந்த வைத்தியர் விரிவுரை எதுவும் நடத்தவில்லை. எல்லோருக்கும் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்தார். "போன கிழமை வேலை செய்யேக்க உங்களுக்குப் பதில் தெரியாமல் போன ஒரு கேள்வியை எழுதுங்கோ" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. தனக்குத் தெரியாது என்று மேலதிகாரிகள் முன்னால் எழுத யாருக்கு மனம் வரும்? சிலர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓய்வு பெறும் வயதை அண்மித்த ஒரு குடும்பநல உத்தியோகத்தர்தான் முதலாவதாக எழுதிக் கொடுத்தார்.

"பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஒரு தாய். சாப்பிடுவதில்லை. பிள்ளையைத் தூக்குவதில்லை. அழுதபடி இருக்கிறா. வீட்டில் பேய்க் குற்றம் என்று சொல்கிறார்கள். நான் டொக்டர் இல்லை. என்னால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

வளவாளர் அதை உரத்து வாசித்தார். பின்பு, "இதுதான் இன்றைய பாடம்" என்றார்.

அந்தக் கேள்வியை நான்கு பகுதியாகப் பிரிக்கக் கற்பித்தார். யாருக்கு? எதைச் செய்தால்? எதோடு ஒப்பிட்டால்? என்ன பயனை எதிர்பார்த்து? பிள்ளை பெற்றபின் மனச்சோர்வுக்கு உள்ளான கிராமத்துத் தாய்மாருக்கு, வைத்தியரல்லாத பணியாளர் வீடு சென்று முறையாகக் கதைத்தால், வழமையான தரிசிப்போடு ஒப்பிடுகையில், மனச்சோர்வு குறையுமா? இப்படிக் கேட்டால்தான் பதிலைத் தேட முடியும். கேள்வி மங்கலாக இருந்தால் பதிலும் மங்கலாகவே வரும் என்றார்.

பதில் இருந்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் அதிப் ரஹ்மான் என்ற மனநல வைத்தியரும் குழுவினரும் செய்த ஆய்வு 2008 இல் வெளியானது. 40 கிராமப் பிரிவுகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில், அங்கு வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி கொடுத்து, மாதாந்தம் மேற்பார்வையும் செய்தார்கள். கர்ப்ப காலத்தின் இறுதி மாதத்திலிருந்து 16 தடவைகள் அவர்கள் தாயைச் சந்தித்தார்கள். தாயின் நம்பிக்கையற்ற எண்ணங்களை மெல்ல மாற்றவும், பிள்ளையோடு பழகவும், வீட்டாரின் உதவியைப் பெறவும் துணை நின்றார்கள். மறு பகுதியில் பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையான தரிசிப்புகளைச் செய்தார்கள். இரு பகுதிகளிலுமாகச் சுமார் 900 தாய்மார் இருந்தார்கள்.

பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில் பயிற்சி பெறாத பகுதியில் 53 வீதமான தாய்மார் இன்னும் மனச்சோர்வோடு இருந்தார்கள். பயிற்சி பெற்ற பகுதியில் அது 23 வீதம். ஒரு வருடத்தின் பின்னும் அந்த வித்தியாசம் நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் இந்த முறையை ஒரு கைந்நூலாகவே வெளியிட்டது.

வளவாளர் 53 இலிருந்து 23 ஐக் கழித்துக் கரும்பலகையில் 30 என்று எழுதினார். "நூறு தாய்மாரில் முப்பது பேர். இதைச் செய்தது டொக்டர்மார் இல்லை. உங்களைப் போல வீடு வீடாகப் போற பெண்கள்" என்றார். துண்டு எழுதிய அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக் கண்டேன்.

அதன்பிறகு துண்டுகள் வரத் தொடங்கின. தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்டுச் சண்டை பிடிப்பவருக்கு என்ன சொல்வது? களைப்பு என்று வருபவருக்கு சேலைன் ஏற்றத்தான் வேண்டுமா? நித்திரைக் குளிசையை வருடக்கணக்காக எடுப்பவரை என்ன செய்வது?

கடைசிக் கேள்வியை எழுதியவர் ஓர் இளம் வைத்தியர். 2013 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலை வளவாளர் அவருக்குக் காட்டினார். பேரிடருக்கோ இழப்புக்கோ முகம் கொடுத்தவர்களுக்கு டயசிபாம் வகைக் குளிசைகளை வழமையாகக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வேறு வழியில்லாத கடுமையான நித்திரையின்மைக்கு மட்டும், அதுவும் மூன்று முதல் ஏழு நாட்களுக்கு யோசிக்கலாம். நீண்ட காலம் எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். ஆகவே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். பிஸ்கற் பேணி அக்காவின் கை நடுக்கத்துக்கு எனக்கு அங்கேதான் விளக்கம் கிடைத்தது.

சான்று சரி, பஸ் இல்லையே

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. "ஒரு காலமைக்குள்ள நூறு நூற்றைம்பது பேரைப் பாக்கிறன். ஆய்வு வாசிக்க எங்க நேரம்?" என்று ஒரு வைத்தியர் கேட்டார். அது நியாயமான கேள்வி. எல்லோரும் எல்லா ஆய்வையும் வாசிக்கத் தேவையில்லை, நல்ல வழிகாட்டல்களையும் மீளாய்வுகளையும் எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும், கிழமைக்கு ஒரு கேள்வியைக் குழுவாக எடுங்கள் என்று வளவாளர் சொன்னார். தனியே வகுப்பறையில் கற்பித்தால் அறிவு மட்டும் கூடுகிறது, அன்றாட நோயாளர் பராமரிப்போடு சேர்த்துக் கற்பித்தால்தான் திறமையும் நடத்தையும் மாறுகின்றன என்று 2004 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்த மீளாய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதனால்தான் அவர் விரிவுரையை விட்டுவிட்டுத் துண்டோடு தொடங்கினார்.

என்னையும் கேட்டார்கள். நான் எழுந்து சொன்னேன்: "கிழமைக்கு ஒருதரம் வாருங்கோ எண்டு சொல்லுறீங்கள். அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகுது. காலமை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். தனியாகப் போனா ஊர் கதைக்குது. சான்று சரிதான். ஆனா அவவால வர ஏலாது." வளவாளர் தலையாட்டினார். "அதுதான் மூன்றாவது கல். அதைப் பற்றி நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லவேணும்" என்றார்.

ராவல்பிண்டித் தாய்க்குப் பொருந்தியது நமது தாய்க்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் நமது மண்ணிலும் ஆய்வுகள் தேவை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இல் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் 22 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 7 வீதமானோருக்கு மனவடு நோயின் அறிகுறிகளும் இருந்ததாகக் காட்டியது. இத்தனை பேருக்கு மனநல வைத்திய நிபுணர்கள் மட்டும் போதமாட்டார்கள். ஆகவேதான் பின்னர் வடமாகாணத்தில் ஆரம்ப சிகிச்சை வைத்தியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், சமூகப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மனநல வழிகாட்டியைக் கொண்டு பயிற்சியளித்துப் பார்த்தார்கள். அந்த முன்னோடி முயற்சியைப் பற்றிய அறிக்கை 2016 இல் வெளியானது. நமது ஊரிலும் இந்தக் கற்பித்தல் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நாம் கேட்க வேண்டியவை

பணியாளர்கள் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. கிளினிக்கில் நாமும் கேட்கப் பழக வேண்டும். சண்டைக்குப் போவது போலக் கேட்கத் தேவையில்லை. "டொக்டர், ஒரு விஷயம் கேக்கலாமா?" என்று தொடங்கலாம். பயமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

1. இந்தக் குளிசை எனக்கு எந்த வருத்தத்துக்கு? இதன் பெயர் என்ன?
2. இதனால் என்ன பயன் வரும்? எத்தனை நாளில் தெரியும்?
3. என்ன பாதிப்பு வரலாம்? வந்தால் என்ன செய்ய வேண்டும்?
4. எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? எப்போது நிறுத்துவது அல்லது குறைப்பது பற்றிப் பார்ப்போம்?
5. இதைவிட வேறு வழி உண்டா? எனது வீட்டு நிலைமைக்கு எது பொருந்தும்?

ஒன்றை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நித்திரைக் குளிசை, மனச்சோர்வுக் குளிசை, வலிப்புக் குளிசை எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றை நீண்டகாலம் எடுக்கத்தான் வேண்டும். எதுவானாலும் வைத்தியரோடு கதைத்துத்தான் மாற்ற வேண்டும். மனது தாங்க முடியாத நேரத்தில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பேணியைக் கொண்டு போன அக்கா

செயலமர்வுக்குப் பின் அந்த அக்காவிடம் மீண்டும் போனேன். நான் பதில் சொல்வதை விட அவரே கேட்பது நல்லது என்று சொன்னேன். அடுத்த கிளினிக் நாளில் பிஸ்கற் பேணியோடு போனார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். வைத்தியர் கொப்பியைத் தொடக்கத்திலிருந்து பார்த்தாராம். "இவ்வளவு காலமாகவா?" என்று அவரே அதிர்ந்தாராம். மாவட்ட வைத்தியசாலையின் உளநல வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார்கள். அங்கே குளிசையைச் சிறிது சிறிதாகக் குறைக்க அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். பல மாதங்கள் எடுத்தன. இடையில் இரண்டு தடவை கஷ்டப்பட்டு, குறைத்ததைத் திரும்பக் கூட்டவும் வேண்டியிருந்தது. இப்போது அந்தக் குளிசை இல்லை. காலையில் தலைப் பாரம் இல்லை. விழுவதும் இல்லை.

நித்திரை முழுமையாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில இரவுகளில் இன்னும் விழித்திருக்கிறார். "அவர் எங்கையெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை நித்திரை வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கிளினிக்கிலும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. காணாமற் போனவரைத் தேடும் ஒரு மனைவியின் விழிப்பைக் குளிசையால் மூடிவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஆர்ச்சி கொக்ரேனுக்கும் அப்படி ஓர் இரவு வந்தது. பின்னர் ஜேர்மனியில் எல்ஸ்ரர்ஹோஸ்ற் என்ற இடத்திலிருந்த கைதிகள் வைத்தியசாலையில், சாகும் நிலையில் ஒரு சோவியத் கைதி கத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு நோவென்று வைத்தியர் நினைத்தார். கொடுப்பதற்கு மோர்பின் இல்லை. அந்தக் கைதியின் மொழியும் தெரியாது. ஒன்றும் செய்ய முடியாமல் கட்டிலில் ஏறியிருந்து அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கத்தல் உடனே நின்றது. சில மணித்தியாலங்களின் பின் அவர் அமைதியாக இறந்தார். அவரைக் கத்த வைத்தது நெஞ்சு நோவல்ல, தனிமைதான் என்று கொக்ரேன் பின்னர் எழுதினார். எல்லாவற்றுக்கும் சான்று கேட்ட மனிதரே மனிதத் துணையின் அருமையையும் அறிந்திருந்தார்.

அந்த அக்காவின் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறார்கள். கோழிக் கணக்குப் பார்க்கிறார்கள். தேங்காய்ப் பூரான் போட்டுப் பிட்டு அவிக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகிறவர்கள் தங்கள் கொப்பியைக் கொண்டு வருகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசித்து ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதுவது அந்த அக்காதான்.